ஒரே ரவுட்டர், நான்கு தனி வழிகள்: கடை வைஃபையைப் பிரித்து வைப்பது எப்படி?



தடித்த சுவர் வைத்துக் கட்டிய பழைய கடைகளில் செல்போன் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. சரக்கை எடுத்துக் கட்டி வைத்த பிறகு, வாடிக்கையாளர் யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்ப முயல்கிறார். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "அண்ணாச்சி, உங்க வைஃபை பாஸ்வேர்டைக் கொஞ்சம் சொல்லுங்க" என்கிறார். பணம் வர வேண்டியது நமக்கு. ஆகவே சொல்லிவிடுகிறோம். அந்தப் பாஸ்வேர்டு அவருடைய போனிலேயே தங்கிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து அவர் நம் கடை வாசலைக் கடந்து நடந்தால்கூட, போன் தானாகவே நம் இணைப்பில் ஒட்டிக்கொள்ளும்.

இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். வாடிக்கையாளர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் அவருடைய போனில் என்னென்ன குடியிருக்கின்றன என்பது அவருக்கே தெரியாது. அந்தப் போன் நம் வைஃபையில் சேர்ந்தவுடன், பில் போடும் கம்ப்யூட்டர், கணக்குப் புத்தகம் முழுவதையும் வைத்திருக்கும் ஃபோல்டர், லேபிள் அச்சிடும் பிரிண்டர், கேமராப் பதிவுப் பெட்டி ஆகிய எல்லாவற்றுடனும் ஒரே கூடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. நம்மில் பலர் கீழே கடையும் மாடியில் வீடுமாக இருப்பவர்கள். ஆகவே பிள்ளைகளின் போன், டி.வி., பேரன் விளையாடும் டேப்லெட் எல்லாமும் அதே கூடத்தில்தான் இருக்கின்றன. கல்லாவையும் கிட்டங்கியையும் சமையலறையையும் சுவரே இல்லாமல் ஒரே அறையில் வைத்ததற்கு இது ஒப்பாகும்.

ஒரே அறையில் இருப்பதன் விளைவை 2017 மே 12ஆம் தேதி உலகம் பார்த்தது. வான்னாகிரை என்ற கிருமி, யாரும் எதையும் திறக்காமலேயே, விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று ஃபைல் பகிரும் வழியாக ஓடிப் பரவியது. 150க்கும் மேற்பட்ட நாடுகளில் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தால் போதும், அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றவற்றை அது தானே தேடிக்கொண்டது. நம் கடைகளில் கணக்கு ஃபோல்டரை, "யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம்" என்று பகிர்ந்து வைத்திருப்பது சர்வ சாதாரணம். இரண்டாவது கவுண்டரிலும் பில் போட வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய வேண்டிய வாரத்தில் அந்த ஃபோல்டர் பூட்டப்பட்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பெரிய கடைகளும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். என்ற தள்ளுபடி விலைக் கடை நிறுவனத்தில் 4 கோடியே 50 லட்சத்துக்கு மேற்பட்ட கார்டு விவரங்கள் களவு போனது 2007இல் வெளியே வந்தது. ஒரு கிளையின் பலவீனமான வைஃபை வழியாகவே திருடர்கள் நுழைந்தார்கள் என்று அப்போது செய்தி வெளியானது. 2013 இறுதியில் டார்கெட் என்ற மற்றொரு பெரிய கடை நிறுவனத்தில் சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் போயின. அங்கே திருடர்களுக்குக் கிடைத்த சாவி, குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்திருந்த நுழைவுச் சொல். ஏ.சி. மெக்கானிக்கின் வாசல் வழியாக வந்தவர் கல்லா வரை நடந்து போக முடிந்தது. நடுவில் இருந்த தடைகள் போதவில்லை. நம் கடையில் அந்த ஒப்பந்தக்காரரின் இடத்தில் இருப்பது கேமரா மாட்ட வருபவரும், கம்ப்யூட்டர் பழுது பார்க்க வருபவரும்தான்.

பெயரை மாற்றினால் பிரிந்துவிடுமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ரவுட்டரில் இரண்டாவதாக ஒரு வைஃபை பெயர் வைத்து, அதற்கு வேறு பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால், வாடிக்கையாளர் வேறு, கடை வேறு என்று ஆகிவிட்டதாக நினைக்கிறோம். இது ஒரே கூடத்துக்கு இரண்டு வாசல் வைப்பது மட்டுமே. வாசல் இரண்டானாலும் உள்ளே போனால் எல்லோரும் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள். பெயரை மறைத்து வைப்பதாலும் பயனில்லை. மறைத்த பெயரைக் கண்டுபிடிக்கும் இலவச மென்பொருள்கள் ஏராளம்.

சில ரவுட்டர்களில் 'கெஸ்ட்' என்று தயாராகவே ஒரு வசதி இருக்கும். அது வெறும் பெயர் அல்ல, உள்ளே போகாதபடி தடுப்பும் வைத்திருக்கிறது. ஒரே அறைக் கடை, கம்ப்யூட்டர் ஒன்று, கேமரா கிடையாது என்றால் அதுவே போதும். இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்காமல் அதை இயக்கிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கலாம். ஆனால் கேபிளில் இணைந்த கேமராப் பெட்டியை அது பிரிக்காது. கிட்டங்கியிலோ மாடியிலோ இரண்டாவது வைஃபை பெட்டி வைத்தால், பல மாடல்களில் அந்தத் தடுப்பு அங்கே வேலை செய்வதில்லை. அப்போது தேவைப்படுவதுதான் வி-லேன்.

வி-லேன் என்பது என்ன?

லாரி புக்கிங் ஆபீசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே லாரியில் நான்கு வியாபாரிகளின் மூட்டைகள் ஏறுகின்றன. ஒவ்வொரு மூட்டையிலும் அவரவர் மார்க் எழுதியிருக்கிறது. லாரி ஒன்று, ரோடு ஒன்று. ஆனால் இறக்கும் இடத்தில் ஒருவர் மூட்டை மற்றவர் கடைக்குப் போவதில்லை. வி-லேன் செய்வதும் அதுதான். ஒரே கேபிளில் போகும் தகவல் பொட்டலங்கள் ஒவ்வொன்றிலும் 4 பைட் அளவுள்ள ஒரு சிறு சீட்டு ஒட்டப்படுகிறது. அந்தச் சீட்டில் 1 முதல் 4094 வரை ஏதேனும் ஓர் எண் இருக்கும். 10 என்று சீட்டு ஒட்டியது 10ஆம் எண் கடைக்கு மட்டுமே. 40 என்று ஒட்டியது 40க்கு மட்டுமே. 802.1கியூ என்ற இந்த விதிமுறையை ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 1998இல் வெளியிட்டது. பெரிய ஆலைகளிலும் வங்கிகளிலும் மட்டுமே இருந்த வசதி இன்று வீட்டு உபயோக ரவுட்டர் பலவற்றிலும் வந்துவிட்டது.

இரண்டு சொற்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. 'டேக்' செய்த போர்ட் என்பது லாரி நிற்கும் இடம். பல எண்கள் சீட்டோடு வந்து போகும். 'அன்டேக்' செய்த போர்ட் என்பது ஒரு கடையின் வாசல். அங்கே சீட்டைக் கிழித்துவிட்டுச் சரக்கை மட்டும் உள்ளே கொடுப்பார்கள். பில் கம்ப்யூட்டருக்கும் கேமராப் பெட்டிக்கும் சீட்டுப் படிக்கத் தெரியாது. ஆகவே அவற்றுக்கு அன்டேக். மாடியில் உள்ள வைஃபை பெட்டிக்குப் பல எண்களும் போக வேண்டும். ஆகவே அதற்கு டேக்.

நமக்கு வேண்டிய பிரிவுகள்

கீழே கடை, மாடியில் வீடு என்ற அமைப்புக்கு நான்கு பிரிவுகள் போதும். கடைக்கு 10, வீட்டுக்கு 20, கேமராவுக்கு 30, வாடிக்கையாளருக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். எண்கள் நம் விருப்பம். முகவரிகளையும் அதே எண்ணோடு பொருத்தினால் பின்னால் குழப்பம் வராது: கடைக்கு 192.168.10.1, வீட்டுக்கு 192.168.20.1 என்று இப்படி.

பிரிவுகள் நான்கு என்றாலும் வைஃபை பெயர்கள் மூன்று போதும். கேமராக்களைக் கேபிளிலேயே விடுங்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 10 முறை "நான் இருக்கிறேன்" என்று வானொலியில் கூவிக்கொண்டே இருக்கும். அதுவும் மிகக் குறைந்த வேகத்தில் கூவும். பஜாரில் பக்கத்துக் கடை, எதிர்க்கடை, மாடிக் கடை எல்லாம் கூவும்போது நாமும் ஏழெட்டுப் பெயரில் கூவினால் வேலை நடக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றே.

இன்டர்நெட் கம்பெனி கொடுக்கும் ஃபைபர் பெட்டியில் இந்த வேலையைச் செய்ய முயலாதீர்கள். பெரும்பாலும் அந்தப் பக்கங்களை நமக்குப் பூட்டியே கொடுப்பார்கள். அதற்குப் பின்னால் வி-லேன் தெரிந்த நம் சொந்த ரவுட்டர் ஒன்றை வைத்து, ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுவதே சரி. வாங்கும்போது கடைக்காரரிடம், "ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனி வி-லேன் போட முடியுமா, போர்ட்டுக்குப் போர்ட் வி-லேன் பிரிக்க முடியுமா" என்று இந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். விழித்தால் வேறு கடை பாருங்கள்.

ஓப்பன்டபிள்யு.ஆர்.டி. என்ற இலவச மென்பொருள் ஏற்றிய ரவுட்டரை வைத்துச் செய்முறையைச் சொல்கிறேன். மற்றவற்றிலும் பெயர்கள் மாறுமே தவிர வேலை இதுதான். 2021இல் வந்த 21.02 பதிப்பிலிருந்து பல ரவுட்டர்களில் இதன் வி-லேன் அமைப்பு முறை மாறிவிட்டது. ஆகவே பழைய பாடக் குறிப்புகளை வைத்துக்கொண்டு தேடினால் அந்தப் பக்கமே கிடைக்காமல் போகலாம்.

தொடங்கும் முன் தற்போதைய அமைப்பைப் பேக்கப் எடுத்து வையுங்கள். இந்த வேலையைக் கடை திறந்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டாம். இரவு கடை சாத்திய பிறகே செய்யுங்கள். வைஃபை மூலமாக அல்லாமல் கேபிளில் கம்ப்யூட்டரை இணைத்துச் செய்வது நல்லது.

ரவுட்டரில் நான்கு போர்ட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். 1இல் மாடி வைஃபை பெட்டி, 2இல் பில் கம்ப்யூட்டர், 3இல் கேமராப் பதிவுப் பெட்டி, 4இல் நாம் உட்கார்ந்து வேலை செய்யும் கம்ப்யூட்டர். 'பிரிட்ஜ் வி-லேன் ஃபில்டரிங்' என்ற பக்கத்தில் ஒரு கட்டம் வரும். அதில் 10ஆம் எண்ணுக்கு 1ஆம் போர்ட்டை டேக், 2ஆம் போர்ட்டை அன்டேக் என்று குறியுங்கள். 20க்கு 1 டேக், 4 அன்டேக். 30க்கு 3 மட்டும் அன்டேக். கேமரா மாடிக்குப் போக வேண்டியதில்லை. 40க்கு 1 மட்டும் டேக். வாடிக்கையாளருக்குக் கேபிள் எதற்கு? அன்டேக் செய்த ஒவ்வொரு போர்ட்டுக்கும் 'பி.வி.ஐ.டி.' என்ற எண்ணையும் அதே எண்ணாக வைக்க வேண்டும். சீட்டில்லாமல் உள்ளே வரும் சரக்குக்கு எந்த எண் ஒட்டுவது என்பதை அது தீர்மானிக்கிறது. விலை குறைந்த ஸ்விட்ச்சுகளில் இதைத் தனிப் பக்கத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள். அதை விட்டுவிட்டால் தகவல் போகும், பதில் வேறு பிரிவுக்குப் போய்விடும். "எல்லாம் சரியாகப் போட்டும் நெட் வரவில்லை" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு 'இன்டர்ஃபேஸ்' உண்டாக்கி, மேலே சொன்ன முகவரியைக் கொடுத்து, முகவரி வழங்கும் டி.எச்.சி.பி.யை இயக்குங்கள். எல்லாம் எழுதிய பிறகு ஒரே தடவையாகச் சேமியுங்கள். தவறிப்போய் நம்மையே வெளியே பூட்டிக்கொண்டால் பதற வேண்டாம். 90 விநாடிக்குள் நம் கம்ப்யூட்டர் மீண்டும் தொடர்பு கொள்ளாவிட்டால், அந்த மென்பொருள் பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடும். கடைசியாக வைஃபை பக்கத்தில் மூன்று பெயர்களை உண்டாக்கி, ஒவ்வொன்றையும் அதனதன் இன்டர்ஃபேசோடு கோத்துவிட வேண்டும். மாடிப் பெட்டியிலும் அதே பெயர், அதே எண், அதே பாஸ்வேர்டு. இரண்டுக்கும் இடையில் பழைய சாதாரண ஸ்விட்ச் ஒன்றைச் செருகாதீர்கள். அதற்குச் சீட்டுப் படிக்கத் தெரியாது. எல்லா மூட்டையையும் எல்லார் வாசலிலும் இறக்கும்.

சுவர் எழுப்பினால் மட்டும் போதாது

இதோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுபவர்கள் உண்டு. முடியவில்லை. வி-லேன் நான்கு அறைகளைக் கட்டியது. ஆனால் அந்த நான்கு அறைகளுக்கும் பொதுவான நடையில் ரவுட்டர் நிற்கிறது. யாரை எங்கே விடுவது என்று அதற்குச் சொல்லாவிட்டால் அறைக்கு அறை கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே இருக்கும். திறக்கச் சொல்வதும் மூடச் சொல்வதும் 'ஃபயர்வால்' பக்கத்தில்தான். நான்கு பிரிவுக்கும் நான்கு 'சோன்' உண்டாக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவதை அடைத்துவிட்டுத் தேவையானதை மட்டும் திறக்க வேண்டும்.

கடைக்கும் வீட்டுக்கும் இன்டர்நெட் திறக்கலாம். வீட்டிலிருந்து கேமராப் பெட்டியைப் பார்க்க அனுமதிக்கலாம். கேமராவிலிருந்து வீட்டுக்கு வர அனுமதி இல்லை. கேமராப் பெட்டியை இன்டர்நெட்டுக்கே விடாமல் இருப்பது என் விருப்பம். 2016இல் மிராய் என்ற கிருமி, கம்பெனி வைத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் வைத்திருந்த கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டு, அக்டோபர் 21ஆம் தேதி டைன் என்ற இணைய சேவை நிறுவனத்தின் மீது ஏவியது. உலகின் பல முக்கிய இணைய தளங்கள் அன்று முடங்கின. அவற்றின் சொந்தக்காரர்களில் பலருக்குத் தங்கள் பெட்டி இப்படி வேலை செய்தது தெரியவே தெரியாது. வெளியூர் கொள்முதலுக்குப் போகும்போது கடையைப் போனில் பார்த்தே தீர வேண்டும் என்றால் திறந்துகொள்ளுங்கள். ஆனால் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுத் திறங்கள்.

வாடிக்கையாளர் பிரிவுக்கு மட்டும் சற்று நின்று கவனம் செலுத்த வேண்டும். இன்டர்நெட்டுக்குத் தவிர வேறு எங்கும் வழி கிடையாது. ரவுட்டரின் உள்ளே வருவதையும் அடைக்க வேண்டும். இல்லையென்றால் வாடிக்கையாளர் போனில் நம் ரவுட்டரின் லாகின் பக்கம் திறக்கும். ஆனால் அப்படியே அடைத்தால் போனுக்கு முகவரியும் கிடைக்காது, இணைய தளத்தின் பெயரும் விளங்காது. ஆகவே டி.எச்.சி.பி.க்கான 67ஆம் போர்ட்டையும், டி.என்.எஸ்.க்கான 53ஆம் போர்ட்டையும் மட்டும் திறந்து வைக்க வேண்டும். இன்னொரு ஓட்டையும் உண்டு. நம் ரவுட்டருக்கு முன்னால் ஃபைபர் பெட்டி இருக்கிறதல்லவா? நம் ரவுட்டரைப் பொறுத்தவரை அது 'இன்டர்நெட்' பக்கம். ஆகவே 192.168.1.1 என்று தட்டினால் வாடிக்கையாளர் போனிலிருந்து அந்தப் பெட்டியின் பக்கம் திறந்துவிடும். 192.168 என்றும் 10 என்றும் தொடங்கும் முகவரிகளுக்கும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவற்றுக்கும் வாடிக்கையாளர் பிரிவிலிருந்து போகக் கூடாது என்று தனி விதி எழுதுங்கள். 'கிளையன்ட் ஐசோலேஷன்' என்ற கட்டத்தையும் தட்டிவிட்டால் ஒரு வாடிக்கையாளர் போன் மற்றவர் போனைத் தொடாது.

இலவசம் என்பதற்காகப் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து போடுவது ஆபத்து. 2008 ஜூலை 26ஆம் தேதி ஆமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு குடியிருப்பில் இருந்த பாதுகாப்பில்லாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. போலீசார் முதலில் போய் நின்றது அந்த இணைப்பின் சொந்தக்காரர் வாசலில். இணைப்பு நம் பெயரில் இருக்கிறது. விசாரணையும் நம் பெயரில்தான் தொடங்கும். வைஃபையைக் காசுக்கு விற்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு, 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம்.-வானி திட்டம் தனி வழி. அதில் தனி உரிமம் இல்லாமலே கடைகள் சேரலாம். அதை இந்த வாடிக்கையாளர் பிரிவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சோதனை

போட்டதைச் சோதிக்காமல் நம்பக் கூடாது. எடை போட்ட மூட்டையை மறு எடை போடுவது போலத்தான். ஒரு போனை வாடிக்கையாளர் வைஃபையில் இணைத்து 192.168.40.1, 192.168.10.1, 192.168.1.1 மூன்றையும் பிரவுசரில் தட்டிப் பாருங்கள். எதுவும் திறக்கக் கூடாது. கேமராப் பெட்டியின் முகவரியையும், பிரிண்டரின் முகவரியையும் தட்டிப் பாருங்கள். பில் கம்ப்யூட்டருக்குப் 'பிங்' அனுப்பிப் பதில் வரவில்லை என்பதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விண்டோஸ் தானே வேறு பிரிவிலிருந்து வரும் பிங்கை மறுக்கக்கூடியது. நம் ஃபயர்வால் திறந்தே கிடந்தாலும் பதில் வராது. பிரிண்டரும் கேமராப் பெட்டியும்தான் பொய் சொல்லாத சாட்சிகள்.

மறுநாள் காலை சில புகார்கள் வரும். வீட்டுப் போனிலிருந்து கடைப் பிரிண்டரில் அச்சிட முடியவில்லை என்பார்கள். பிரிண்டரைத் தேடும் கூவல் ஒரு பிரிவைத் தாண்டிப் போகாது என்பதே காரணம். அச்சிட வேண்டியவர் கடை வைஃபைக்கு மாறிக்கொள்ளட்டும். வைஃபையில் ஓடும் கார்டு மெஷின் இருந்தால் அதைக் கடைப் பிரிவில் சேர்த்துவிடுங்கள். அதில் சிம் இருந்தால் தொட வேண்டாம்.

ஒரு யோசனையை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். இத்தனை ஆண்டுகளாக நாம் வாய்விட்டுச் சொன்ன பழைய பாஸ்வேர்டு ஊரில் நூறு போன்களில் இருக்கிறது. அந்தப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வாடிக்கையாளர் பிரிவுக்குக் கொடுத்துவிடுங்கள். கடைக்கும் வீட்டுக்கும் புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்டு. பழைய போன்கள் வந்தால் தாமாகவே 40ஆம் எண்ணில் போய் விழும். நாம் மாற்றி எழுத வேண்டியது நம்முடைய நாலைந்து சாதனங்களில் மட்டுமே. ஒரு மாதம் ஓடவிட்டு, பிறகு வாடிக்கையாளர் பாஸ்வேர்டையும் மாற்றி, கியூ.ஆர். அட்டையாக அச்சிட்டுக் கவுண்டர் கண்ணாடிக்கு உள்பக்கமாக ஒட்டுங்கள். வெளிப்பக்கம் ஒட்டினால் அதன் மேல் வேறொருவர் அட்டை ஒட்டிவிட்டுப் போகலாம். இது நம் யு.பி.ஐ. அட்டைக்கும் பொருந்தும்.